பெரிய விருந்துக்கு முன்னால், பகலில் என்ன கொடுப்பது?

கேள்வி – டிசம்பர் 14, மாலை

பண்டிகை விருந்து எங்கள் வீட்டில் இரவு ஏழரைக்கு. சின்னவர் பெரியவர் எல்லாம் சேர்த்துப் பதினான்கு பேர். பாதிப் பேர் காலையிலேயே வந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டையே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எனக்கும் வேலை குறையும், எல்லாரும் நல்ல பசியோடு உட்காருவார்கள். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டால் ராத்திரி சமைத்தது அப்படியே நின்றுவிடும். நான் நினைப்பது சரிதானே?

டிசம்பர் 14, இரவு

விடாதீர்கள்.

காலை ஒன்பது மணிக்குச் சாப்பிட்டவர்களை இரவு ஏழரை வரை வெறும் வயிற்றோடு வைத்தால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும். பிஸ்கட் டப்பா திறக்கும், சிப்ஸ் பாக்கெட் பிரியும், இரவுக்கென்று எடுத்து வைத்த இனிப்பை ஆளுக்கொரு தடவை எட்டிப் பார்ப்பார்கள். மதியம் எதுவும் வைக்காத வீடுகளுக்கு விருந்தாளியாகப் போயிருக்கிறேன். ஆறு மணிக்குள் எல்லார் வயிறும் பாதி நிறைந்துவிடும். கேட்டால், "காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நின்றுகொண்டு கொறித்தது யாருக்கும் சாப்பாடாகக் கணக்கில் வருவதில்லை.

மதியம் சின்னதாக ஒரு சாப்பாடு, நேரம் சொல்லி, உட்கார வைத்து. அதற்கப்புறம் சமையலறைக் கதவு சாத்தியாகிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியவேண்டும். இதுதான் நான் செய்வது. என்ன கொடுப்பது என்று காலையில் எழுதுகிறேன்.

டிசம்பர் 15, காலை

முதலில் சூப். பதினான்கு பேருக்கு ஆளுக்கு ஒரு கோப்பை என்றால் மூன்று லிட்டர் போதும்.

கேரட் ஒரு கிலோ, பெரிய வெங்காயம் இரண்டு, மைசூர்ப் பருப்பு 200 கிராம், தண்ணீர் இரண்டரை லிட்டர். அடி கனமான பாத்திரத்தில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு வெங்காயத்தைச் சிவக்கவிடாமல் வதக்குங்கள். நறுக்கிய கேரட்டைப் போட்டு மூடி, சின்னத் தீயில் கொஞ்ச நேரம் விடுங்கள். மூடியைத் திறந்தால் பச்சை வாசனை போய் இனிப்பு வாசனை வரும். அந்தச் சமயத்தில் கழுவிய பருப்பையும் தண்ணீரையும் சேர்க்கலாம். முதல் கொதியில் நுரை பொங்கும், அதைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். மைசூர்ப் பருப்புக்கு ஊறவைக்கிற வேலை இல்லை, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கரைந்துவிடும். உப்பு, மிளகு. இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. எலுமிச்சை இல்லாவிட்டால் இந்த சூப் சப்பென்று இருக்கும்.

மிக்ஸியில் அரைக்கிறவர்கள் சூடாகவே அரைக்காதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி எறியும். ஆறவிட்டு, பாதி ஜார் மட்டும் நிரப்பி அரைத்துவிட்டு மறுபடி கொதிக்க வைத்தால் போதும். நான் அரைப்பதே இல்லை, மத்தால் நாலு கடை கடைந்துவிடுவேன். நாக்கில் கொஞ்சம் திப்பி தட்டினால்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

முந்தின நாளே செய்து வைக்கலாம் என்பதுதான் இதில் பெரிய வசதி. விருந்து நாளில் ஒரே ஒரு அடுப்பு, அதுவும் பத்து நிமிடம்.

டிசம்பர் 15, மதியம்

சூப் வயிற்றை நிரப்பிவிடாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. நேரம் தவறினால் நிரப்பும்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சாப்பாட்டுக்குச் சற்று முன்பு சூப் குடித்தவர்கள், சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மொத்தத்தில் சுமார் 20 சதவீதம் குறைவான கலோரியே சாப்பிட்டார்கள். கடைந்த சூப், துண்டு போட்ட சூப் என்று மாற்றிக் கொடுத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. உடம்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. நாள் முழுக்க நின்று சமைத்தவருக்கு, ஏழரை மணி விருந்துக்கு ஏழு மணிக்கு சூப் கொடுப்பது தன் சமையலுக்குத் தானே அணை கட்டுவது.

அதனால் சூப் மதியத்துக்கு மட்டும். விருந்து மேஜையில் வரவேற்பு சூப் வேண்டவே வேண்டாம். இருந்தே ஆகவேண்டும் என்றால் சின்ன டம்ளரில் நாலு மிடறு.

டிசம்பர் 15, இரவு

மதியம் என்றால் எத்தனை மணி என்று சொல்லாமல் விட்டேன். ஏழரை விருந்துக்கு நான் இரண்டரை, மூன்று என்று வைப்பேன். ஒரு மணிக்குக் கொடுத்தால் ஆறு மணிக்குப் பசி திரும்பி வந்து சிப்ஸ் பாக்கெட்டைத் தேடும்.

நான்கு மணி நேரத்துக்குக் குறையாத இந்த இடைவெளியை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. வயிறு எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று பார்க்க மருத்துவமனைகளில் ஒரு பரிசோதனை உண்டு. அதற்கென்றே நிர்ணயித்த சாப்பாடு இதுதான்: முட்டை வெள்ளைக்கரு, இரண்டு துண்டு வாட்டிய ரொட்டி, கொஞ்சம் ஜாம், தண்ணீர். சுமார் 255 கலோரி. ஆரோக்கியமான வயிற்றில் நான்கு மணி நேரம் கழித்து அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் இருக்காது. நாம் தேடுகிற சாப்பாடும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே கனம். கொழுப்பு ஏற ஏற வயிறு காலியாவது தாமதமாகும். ஆகவே மதியத்தில் வறுத்தது, பொரித்தது, சீஸ், கிரீம் எதுவும் வேண்டாம். இரவு மேஜையில் அதெல்லாம் எப்படியும் வரத்தானே போகிறது.

டிசம்பர் 16, காலை

முட்டை பற்றிக் கேட்டவருக்கு.

அவித்த முட்டையைப் போல இந்த வேலைக்குப் பொருத்தமான பண்டம் வேறு இல்லை. முந்தின நாளே அவித்து ஓட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். தட்டு வேண்டாம், சூடாக்க வேண்டாம்.

உரிக்கும்போது பிய்ந்து வருகிறது என்கிறீர்கள். முட்டை புத்தம் புதிதாக இருந்தால் அப்படித்தான். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது. அப்புறம்தான் அது உள்சவ்வை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதில்லை. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே முட்டை வாங்கி வையுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றாமல், தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் கரண்டியால் மெல்ல இறக்குங்கள். பத்துப் பதினொரு நிமிடம். எடுத்ததும் ஐஸ் தண்ணீர். இதைவிட அதிகம் வேகவிட்டால், வெள்ளையிலிருந்து வருகிற கந்தகமும் மஞ்சளில் இருக்கிற இரும்பும் சேர்ந்து கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சை வளையம் கட்டும். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. குழந்தைகள் மட்டும் அதைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிடுவார்கள்.

ஆளுக்கு ஒரு முட்டை, ஒரு துண்டு ரொட்டி, ஒரு கோப்பை சூப். சாப்பாடு முடிந்தது.

டிசம்பர் 16, காலை, சற்று நேரம் கழித்து

என் தம்பி மகன் இந்தச் சாப்பாட்டுக்கு "ட்ரெய்லர்" என்று பெயர் வைத்திருக்கிறான். "அத்தை, ட்ரெய்லர் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டே வருவான். படத்தைப் பார்க்கத் தூண்டினால்தான் நல்ல ட்ரெய்லர் என்று அவன் அப்பா சொல்வார். இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள்.

டிசம்பர் 16, இரவு

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

வருகிற பதினான்கு பேரில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர் யாராவது உண்டா? மாத்திரை சாப்பிடுகிறவர்? இன்சுலினும், சில வகை மாத்திரைகளும் சாப்பாட்டை எதிர்பார்த்துத்தான் கொடுக்கப்படுகின்றன. மருந்து உள்ளே போய், சாப்பாடு வராமல் நின்றால் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு தடுமாறும். கூட்டத்தில், சத்தத்தில், "பெரியவருக்குக் களைப்பு" என்று நாம் நினைத்துக்கொள்வோம். அப்படி ஆகிவிட்டால் உடனே மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரை டம்ளர் பழச்சாறோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.

அந்த நிலைமையே வரக்கூடாது. அவர்களிடம் முன்கூட்டியே, தனியாக, "எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும்?" என்று கேளுங்கள். சபையில் கேட்டால் "எனக்கென்ன, எல்லாரோடும் சாப்பிடுகிறேன்" என்றுதான் சொல்வார்கள். மற்றவர்களுக்கு மூன்று மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணியாக இருக்கட்டும். மருந்து அளவை மாற்றுவது அவர்களுக்கும் அவர்களுடைய மருத்துவருக்கும் உள்ள விஷயம், நாம் யோசனை சொல்லக்கூடாது.

சூப்பில் பருப்பைச் சேர்த்ததற்கு ருசி மட்டும் காரணமில்லை. காலையில் அந்த வகைப் பருப்பைச் சாப்பிட்டவர்களுக்கு, நான்கு மணி நேரம் கழித்துச் சாப்பிட்ட அடுத்த உணவிலும் சர்க்கரை ஏற்றம் குறைவாக இருந்தது என்று 1982இல் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் எழுதியிருக்கிறார்கள். பெரிய விருந்து வரப்போகிற நாளில் இது எல்லாருக்குமே நல்லதுதான்.

டிசம்பர் 17, காலை

குழந்தைகள்.

அவர்களுக்கு இவ்வளவு நீண்ட இடைவெளி ஆகாது. மூன்று மணிக்குப் பெரியவர்களோடு கொஞ்சம், ஐந்தரைக்கு மறுபடி கொஞ்சம் பழமோ தயிரோ. அதற்கு மேல் ஏழரை வரை தாங்குவார்கள். மூன்று வயதுக் குழந்தை விருந்தில் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்த்தால் எல்லாருக்கும் வருத்தம்தான் மிஞ்சும். மேஜையில் கூட உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திராட்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள். உருண்டையாக, வழவழப்பாக, தொண்டையை அடைக்கிற சரியான அளவில் இருக்கிறது அது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுக்க வேண்டும். குறுக்கே இரண்டாக வெட்டினால் வட்டம் வட்டமாகத்தான் இருக்கும், அது போதாது. சின்னத் தக்காளிக்கும் இதேதான். முழுக் கொட்டைகள், பாப்கார்ன் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். கூட்டமான வீட்டில் குழந்தைகள் ஓடிக்கொண்டே சாப்பிடுவார்கள், எந்த அத்தை எதை வாயில் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பொதுத் தட்டில் வைப்பதையே வெட்டித்தான் வைக்க வேண்டும்.

டிசம்பர் 17, மாலை

கேரட் சூப் என்று எழுதினேன். இப்போது யோசித்தால் ஒரு நிபந்தனை சேர்க்கத் தோன்றுகிறது: இரவு உங்கள் மேஜையில் கேரட் இருந்தால் மதியம் கேரட் வேண்டாம். பூசணியோ பீர்க்கங்காயோ போடுங்கள்.

எந்த ருசியைச் சாப்பிட்டோமோ அந்த ருசியின் மேல்தான் ஆசை முதலில் குறையும். மற்ற ருசிகள் மேல் அவ்வளவு குறைவதில்லை. வயிறு நிறைந்தவர் இனிப்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருகிறாரே, அதற்கு இதுதான் பெரிய காரணம். மேலே சொன்ன பார்பரா ரோல்ஸே 1981இல் இதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். விருந்தன்று சமைக்கிறவருக்கு இதைவிட உபயோகமான ஆராய்ச்சி இல்லை என்பேன். இரவு வறுவலும் மசாலாவும் என்றால் மதியம் வேகவைத்ததும் புளிப்பும். இரவு ரொட்டி வகைகள் நிறைய என்றால் மதியம் ரொட்டியை விட்டுவிட்டு அவித்த உருளைக்கிழங்கு. இனிப்பு மட்டும் மதியத்தில் எந்த ரூபத்திலும் வேண்டாம். பழம் போதும்.

டிசம்பர் 18, காலை

பச்சைக் காய்கறித் துண்டுகள் வைக்கலாமா என்றால், வெள்ளரியும் கேரட்டும் தாராளமாக. முட்டைக்கோஸ், பூக்கோசு, பயறு சாலட் எல்லாம் வேறொரு நாள். மாலையில் பலபேருக்கு வயிறு உப்பிக்கொள்ளும், இருக்கிற நல்ல உடையில் அது இன்னும் சங்கடம். சூப்பில் போடுகிற பருப்பு தலைக்கு பதினைந்து கிராம்கூட வராது, அதுவும் கரைய வெந்தது. அது தொந்தரவு செய்ததை நான் பார்த்ததில்லை. ஆகாது என்பவர்களுக்குப் பருப்புக்குப் பதில் ஒரு உருளைக்கிழங்கு.

வெள்ளரி சாண்ட்விச் செய்கிறவர்கள் வெள்ளரியை மெல்லிசாக அரிந்து, உப்பு தூவிப் பத்து நிமிடம் வைத்து, வருகிற தண்ணீரை வடித்துத் துணியில் ஒற்றி எடுங்கள். ரொட்டியின் ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவுங்கள். நடுவில் மட்டும் தடவினால் ஓரம் நொதநொதவென்று ஆகிவிடும்.

டிசம்பர் 18, மதியம்

ஒருவர் "எல்லாவற்றையும் காலையிலேயே மேஜையில் வைத்துவிடுகிறேன், வருகிறவர்கள் வரும்போது எடுத்துக்கொள்ளட்டும்" என்கிறார். பழமும் ரொட்டியும் என்றால் சரி. முட்டை, தயிர், சூப், சோறு என்றால் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது: சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, இல்லையேல் 60க்கு மேலே. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சோறு விஷயத்தில் இன்னும் கவனம். ஆறிப்போய்க் கிடக்கிற சோற்றில் ஒரு பாக்டீரியா விஷத்தை உண்டாக்கிவிட்டால் மறுபடி சூடாக்கினாலும் அது போகாது.

முந்தின நாள் சூப்பைப் பெரிய பாத்திரத்தோடு அப்படியே ஆறவிடாதீர்கள். மூன்று லிட்டர் நடுவில் சூடு நெடுநேரம் நிற்கும். அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் ஊற்றி ஆறவைத்து உள்ளே வையுங்கள்.

நேரம் கெட்ட நேரத்தில் ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்களுக்கு என்ன செய்வது? சூப்பில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்து, அவர்கள் வந்ததும் கொதிக்கவிட்டுக் கொடுங்கள். கை கால் கழுவி வருவதற்குள் தயார். ஐந்து மணிக்கு மேல் வந்தால் அதுவும் வேண்டாம், ஒரு வாழைப்பழம்.

டிசம்பர் 18, இரவு

இவ்வளவு எழுதியும் ஒருவரைப் பற்றி யாருமே கேட்கவில்லை. சமைக்கிறவர்.

காலை ஆறு மணிக்கு அடுப்படிக்குள் போனவர் எதையாவது வாயில் போட்டாரா என்று வீட்டில் ஒருவரும் பார்ப்பதில்லை. உப்பு பார்க்க ஒரு சொட்டு, காரம் பார்க்க ஒரு விள்ளல். நாள் முழுக்க அந்த வாசனையிலேயே நின்றால் பசி எங்கோ போய்விடும், விருந்தில் உட்காரும்போது சாப்பிடத் தோன்றாது. தலைவலிதான் வரும். என் அம்மா தன் கையால் சமைத்த விருந்தில் தானும் ரசித்துச் சாப்பிட்டதை நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. எனக்கு அது இப்போதும் உறுத்துகிறது.

மூன்று மணிச் சாப்பாட்டில் முதல் கோப்பை சமைக்கிறவருக்கு. சமையலறையில் நின்றுகொண்டு குடிக்கக் கூடாது, வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து. அந்த நேரத்தில் அடுப்பில் எதுவும் இருக்கக்கூடாது என்று காலையிலேயே திட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். பரிமாறுவதும் கோப்பைகளைக் கழுவுவதும் வேறு யாராவது செய்யட்டும். பதினான்கு கோப்பை, பதினான்கு கரண்டி, அவ்வளவுதான் பாத்திரம். ஒரு கல்லூரிப் பையன் கால்மணி நேரத்தில் முடித்துவிடுவான்.

டிசம்பர் 19, காலை

விருந்து தாமதமானால் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கேயும் தாமதமாகத்தான் ஆகும். அரை மணி என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், பசி கொஞ்சம் ஏறட்டும். ஒரு மணிக்கு மேல் என்றால் குழந்தைகளுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் மட்டும் விருந்துக்குச் சமைத்ததிலிருந்தே ஒரு தட்டு போட்டுக் கொடுத்துவிடுங்கள். எல்லாரும் உட்காரும் வரை அவர்களைக் காக்க வைப்பதில் ஒரு மரியாதையும் இல்லை. மற்றவர்களுக்கு வெள்ளரித் துண்டும் தண்ணீரும் போதும்.

டிசம்பர் 19, இரவு

கேள்வி கேட்டவர் தன் திட்டத்தை அனுப்பியிருக்கிறார்: இரவு மேஜையில் கேரட் இருப்பதால் பூசணி சூப், முட்டை, ரொட்டி, ஆரஞ்சு. மூன்று மணி. மாமனாருக்கு மட்டும் ஒரு மணிக்கு. நல்ல திட்டம். இரண்டு விஷயம்தான் மாற்றுவேன். ஆரஞ்சை முன்பே உரித்து வைக்காதீர்கள், காய்ந்துபோகும். முழுதாக வைத்தால் அவரவர் உரித்துக்கொள்வார்கள். அப்புறம், பூசணியில் தண்ணீர் அதிகம் விடும், ஆகவே இரண்டரை லிட்டருக்குப் பதில் இரண்டு லிட்டரில் ஆரம்பியுங்கள். கெட்டியாக இருந்தால் பிறகு ஊற்றிக்கொள்ளலாம்.